பைக்குள் அடங்கும் கேமிங் லேப்டாப்பைப் பார்த்து வாங்குவது எப்படி

என் வீடு மும்பையில், சயான் கோலிவாடாவில் இருக்கிறது. ஒரே அறை, ஓரத்தில் சமையல் மேடை, தலைக்கு மேலே பரண். அதில் அப்பா, அம்மா, தம்பி, நான். இங்கே டெஸ்க்டாப் வைக்க வழியில்லை. அதற்கு ஒரு மேசை வேண்டும், மேசை போட்டால் இரவில் ஒருவருக்குப் பாய் விரிக்கும் இடம் போய்விடும். வேலை வாஷியில், வீடுகளுக்கு உள் அலங்காரம் செய்து தரும் ஒரு சின்ன அலுவலகத்தில். சமையலறை, அலமாரி, கட்டில் எல்லாவற்றையும் முப்பரிமாணப் படமாக வரைந்து காட்டுவது என் பொறுப்பு. ஜிடிபி நகரில் ஹார்பர் லைன் லோக்கல் ரயில் ஏறினால் நேரே வாஷி. பகலில் வரைவதும் இரவு பத்து மணிக்கு மேல் விளையாடுவதும் ஒரே லேப்டாப்பில்தான்.

அதனால் "சின்னதா இருக்கணும், கேமும் ஓடணும்" என்று யாராவது கேட்டால் அது எனக்குப் பேராசையாகத் தெரிவதில்லை. இடமில்லாத வீட்டுக்கு அதுதான் சரியான பொருள். தாராவி, செம்பூர், மாட்டுங்கா என்று சொந்தக்காரப் பிள்ளைகள் நாலு பேருக்குக் கடைக்குக் கூடவே போய் வாங்கித் தந்திருக்கிறேன். அவர்களிடம் சொன்னதையும், சொல்லாமல் விட்டு அப்புறம் வருந்தியதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் தராசு

2021-இல் நான் வாங்கிய முதல் கேமிங் லேப்டாப் 15.6 அங்குலம். பெட்டியில் 2.3 கிலோ என்று போட்டிருந்தது, தூக்கிவிடலாம் என்று நினைத்தேன். சார்ஜரை நான் கணக்கில் சேர்க்கவில்லை. செங்கல் கனத்தில் இருந்த அந்த சார்ஜரையும் வயரையும் சேர்த்து வீட்டில் நிறுத்தபோது மூன்று கிலோவைத் தாண்டியது. அதோடு சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், குடை. காலை வண்டியில் பையை முதுகில் மாட்டிக்கொண்டு நிற்க முடியாது, முன்பக்கம் நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும். குர்லாவில் ஏறுகிற கூட்டம் அந்தப் பையை விலா எலும்போடு சேர்த்து அழுத்தும். எட்டு மாதத்தில் தோள்பட்டை வலி வந்தது. அடுத்த மழைக்காலத்துக்குள் கீல் பக்கம் மூடியில் விரிசலும் விட்டது.

ஆகவே, எடை என்றால் லேப்டாப்பும் சார்ஜரும் சேர்ந்த எடை. தினமும் லோக்கலில் தூக்குகிறவர் என்றால் இரண்டும் சேர்ந்து இரண்டேகால் கிலோவுக்குள் இருக்கட்டும். 14 அங்குல கேமிங் லேப்டாப்புகள் பெரும்பாலும் ஒன்றரை கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் அமைகின்றன. அளவைக் கண்ணால் பிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. ஏ4 தாள் 29.7-க்கு 21 செ.மீ. நல்ல 14 அங்குல லேப்டாப் ஒன்று 31-க்கு 22 செ.மீ. அளவில் இருக்கும், அதாவது தாளைவிட நீளத்திலும் அகலத்திலும் விரற்கடை அளவுதான் கூடுதல். வீட்டில் ஒரு ஏ4 தாளை உங்கள் பைக்குள் நுழைத்துப் பாருங்கள், நீங்கள் உட்காரும் இடத்தில் மடியில் வைத்துப் பாருங்கள். வாங்கப் போவது எவ்வளவு இடம் பிடிக்கும் என்று அப்போதே தெரிந்துவிடும்.

16 அங்குலத்தில் இரண்டு கிலோவுக்குள் கிடைப்பவையும் உண்டு. திரை பெரிதாக வேண்டும், பை பெரிதாக இருந்தால் பரவாயில்லை என்பவர்கள் அதைப் பார்க்கலாம். கூட்ட வண்டியில் போகிறவர்களுக்கு நான் 14-ஐத்தான் சொல்வேன்.

பெயர் ஒன்று, பலம் வேறு

இந்த விஷயத்தில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

தாராவியில் இருக்கும் என் சித்தப்பா மகன், காலேஜ் மூன்றாம் வருடத்தில் ஒரு மெல்லிய லேப்டாப் வாங்கினான். அதில் என்விடியா கம்பெனியின் ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ், அதாவது கேமின் படங்களை வரையும் சிப். அவன் நண்பன் செம்பூரில் தடிமனான ஒன்று வைத்திருந்தான், அதிலும் அதே 4060. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே கேமை, ஒரே செட்டிங்கில் ஓட்டினார்கள். நண்பனுடையதில் நொடிக்கு எண்பது ஃபிரேம், அதாவது எண்பது படம், இவனுடையதில் ஐம்பத்தைந்து. முகம் வாடி என்னிடம் வந்தான். "யக்கா, ரெண்டுலயும் 4060-னுதான எழுதியிருக்கு? என்னைய ஏமாத்திட்டானுவளா?"

ஏமாற்று எதுவும் இல்லை. கிராபிக்ஸ் சிப்புக்கு எத்தனை வாட் மின்சாரம் கொடுக்கிறார்கள் என்பதில்தான் விஷயம். லேப்டாப்புக்கான 4060-ஐ 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எப்படி வேண்டுமானாலும் அமைத்துக்கொள்ள என்விடியா அனுமதிக்கிறது. எவ்வளவு கொடுப்பது என்பது லேப்டாப் கம்பெனியின் முடிவு. வீட்டு கேஸ் அடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். பர்னர் ஒன்றுதான், ஆனால் சிம்மில் வைத்தால் பருப்பு வேக ஒரு நேரம், முழுசாகத் திறந்தால் இன்னொரு நேரம். மெல்லிய உடம்பில் ஃபேன் சின்னது, செப்புக் குழாயும் சின்னது. சூட்டை வெளியே தள்ள முடியாததால் குமிழைத் திருகிக் குறைத்து வைக்கிறார்கள். சித்தப்பா மகனுடைய லேப்டாப்பில் அமைப்பைத் திறந்து பார்த்தோம். அதிகபட்சம் 60 வாட் என்று காட்டியது.

14 அங்குலத்துக்குள்ளேயே இந்த வித்தியாசம் பெரிது. 2024-இல் வந்த ஏசஸ் ஆர்ஓஜி ஜெஃபைரஸ் ஜி14-இல் 4070 கிராபிக்ஸுக்கு 90 வாட். அதற்கு முந்தைய வருடம் வந்த ரேசர் பிளேடு 14-இல் அதே 4070-க்கு 140 வாட். முன்னது ஒன்றரை கிலோ, பின்னது 1.8 கிலோவுக்குச் சற்று மேல். கூடுதல் கனம் சூட்டை வெளியேற்றும் வேலைக்கும் போகிறது. ஆனால் வாட் கூடக் கூட வேகமும் அதே விகிதத்தில் கூடும் என்று கணக்குப் போட வேண்டாம். 50-லிருந்து 80-க்குப் போகும்போது கிடைக்கும் லாபம் கண்ணுக்குத் தெரியும். 100-க்கு மேல் ஏற்றினால் சூடும் சத்தமும்தான் அதிகம் கூடும், ஃபிரேம் கொஞ்சம்தான் ஏறும். அதனால் சின்ன லேப்டாப்பில் 80-லிருந்து 100 வாட் வரை இருந்தால் அதை நான் நல்ல இடம் என்பேன். 60-க்குக் கீழே என்றால் 4060-க்கும் 4070-க்கும் விலை வித்தியாசம் கொடுப்பது வீண், கீழ்ப்படியில் உள்ளதை வாங்கி மிச்சத்தை ரேமுக்குப் போடுங்கள்.

வாட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? கம்பெனி வலைப்பக்கத்தில் விவரப் பட்டியலின் அடியில் டிஜிபி என்றோ மேக்ஸ் கிராபிக்ஸ் பவர் என்றோ போட்டிருப்பார்கள். "65 வாட், கூட 25 வாட் டைனமிக் பூஸ்ட்" என்று எழுதியிருந்தால் மொத்தம் 90. பிராசஸருக்குத் தேவையில்லாத நேரத்தில் அதன் பங்கிலிருந்து 25 வாட்டைக் கிராபிக்ஸ் வாங்கிக்கொள்ளும் என்று பொருள். பட்டியலில் இல்லையென்றால் கடையிலேயே பார்க்கலாம். என்விடியா கன்ட்ரோல் பேனலைத் திறந்து, ஹெல்ப் என்பதில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனை அழுத்தினால் அந்த எண் வந்து நிற்கும். அரை நிமிட வேலை. கடைக்காரர் தடுக்க எந்த நியாயமும் கிடையாது.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். லேப்டாப் 4070-உம் டெஸ்க்டாப் 4070-உம் ஒன்றல்ல. டெஸ்க்டாப் அட்டையில் 12 ஜிபி நினைவகமும் 5888 கோர்களும் உண்டு, லேப்டாப்பில் 8 ஜிபியும் 4608-உம்தான். டெஸ்க்டாப்பில் ஓட்டிக் காட்டும் வீடியோவைப் பார்த்துவிட்டு லேப்டாப்பிலும் அதே வேகத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

கிராபிக்ஸ் நினைவகம் பற்றி ஒரு வார்த்தை. 4050-இல் 6 ஜிபி. 4060, 4070 இரண்டிலும் 8 ஜிபி. 2025-இல் வந்த வரிசையில் 5050, 5060, 5070 மூன்றிலும் 8 ஜிபி, 5070 டிஐ-க்குப் போனால்தான் 12. 6 ஜிபி போதாமல் போகும் புதிய கேம்கள் ஏற்கனவே வந்துவிட்டன. டெக்ஸ்சரை, அதாவது பரப்புகளின் மேல் ஒட்டும் படத்தின் தரத்தை, குறைத்து வைத்தால் ஓடும், ஆனால் சுவரும் முகமும் குழைத்த களிமண் மாதிரி தெரியும். மூன்று நாலு வருடம் வைத்திருக்க நினைப்பவர் 8-க்குக் கீழே போக வேண்டாம்.

பெட்டியின் மேல் "இரண்டு மடங்கு ஃபிரேம்" என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் ஃபிரேம் ஜெனரேஷனைச் சேர்த்துச் சொல்லும் கணக்கு. நிஜமாக வரைந்த இரண்டு படங்களுக்கு நடுவே இன்னொன்றை ஊகித்துச் செருகுவது அது. பார்க்க வழவழவென்று இருக்கும், ஆனால் பட்டனை அழுத்தியதற்கும் திரையில் நடப்பதற்கும் இடையே உள்ள தாமதம் குறையாது. கதை கேம்களுக்கு நல்லது. சுடும் போட்டிக்கு அதை நம்பி வாங்காதீர்கள்.

பிராசஸரில் நான் அதிக நேரம் செலவழிப்பதில்லை. பெயரின் கடைசியில் ஹெச் அல்லது ஹெச்எஸ் இருந்தால் சரி. பெயர் ஹெச்எக்ஸ் என்று முடிந்தால் அது பெரும்பாலும் பெரிய உடம்புக்கானது, சின்ன லேப்டாப்பில் சூட்டைத்தான் கூட்டும்.

உங்கள் கேம் எது?

வாங்குமுன் அடுத்த வருடம் என்ன விளையாடப் போகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2, பழைய ஜிடிஏ 5 என்று மட்டும் வந்தால் உங்களுக்குத் தனி கிராபிக்ஸ் உள்ள லேப்டாப்பே தேவைப்படாமல் போகலாம். ரேடியான் 780எம் அல்லது 890எம், இல்லையென்றால் இன்டெலின் ஆர்க் 140வி என்று பிராசஸரோடு சேர்ந்தே வரும் கிராபிக்ஸ் இருக்கும் 14 அங்குல லேப்டாப்பில் இவை குறைந்த செட்டிங்கில் நன்றாகவே ஓடும். எடை ஒன்றரை கிலோவுக்குக் கீழ், சார்ஜர் கைக்குள் அடங்கும், ஃபேன் சத்தமும் குறைவு. மாட்டுங்காவில் என் அத்தை மகளுக்கு அப்படி ஒன்றைத்தான் வாங்கிக் கொடுத்தேன். வேலரன்டுக்கு மும்பையிலேயே சர்வர் இருக்கிறது, அவளுக்குப் பிங்கும், அதாவது சர்வருக்குப் போய் வரும் தாமதமும், குறைவாக வருகிறது. மிச்சமான பணத்தில் நல்ல மவுஸும் ஹெட்செட்டும் வாங்கினாள். மேக்புக் வாங்கலாமா என்று முதலில் கேட்டாள். வேலரன்ட் மேக்கில் ஓடாது, அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சைபர்பங்க் 2077 மாதிரி கனமான கேம்கள் பட்டியலில் இருந்தால்தான் மேலே சொன்ன வாட் கணக்கெல்லாம். எல்டன் ரிங் விளையாடுகிறவர் ஒன்றைக் கவனியுங்கள், அது நொடிக்கு 60 ஃபிரேமுக்கு மேல் போகாது. அதற்காக நொடிக்கு 165 முறை படம் மாற்றும் 165 ஹெர்ட்ஸ் திரைக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

சூடும் சத்தமும்

எங்கள் வீட்டில் நான் விளையாடும் இடத்திலிருந்து அம்மாவின் தலையணை நாலு அடி. பழைய லேப்டாப்பில் முதல் இரவு பெரிய கேம் ஒன்றைத் திறந்ததும் ஃபேன் இரைச்சல் எடுத்தது. அம்மா கண்ணைத் திறக்காமலேயே, "ஏட்டி, இந்நேரத்துல யாரு மிக்ஸியப் போட்டது?" என்றாள். காலையில் நாலரைக்குத் தண்ணீர் பிடிக்க எழுந்திருக்கிறவளின் தூக்கத்தைக் கெடுத்து விளையாட எனக்கு மனசு வரவில்லை. அன்றிலிருந்து ஃபேன் சத்தத்தை விலைக்கு அடுத்தபடியாகப் பார்க்கிறேன்.

சின்ன லேப்டாப் சத்தம் போடத்தான் செய்யும். சிறிய ஃபேன் அதிக வேகத்தில் சுற்றினால்தான் அதே சூட்டை வெளியே தள்ள முடியும். ஆனால் சத்தத்திலும் வகை உண்டு. "ஷ்ஷ்" என்று ஒரே சீராக வருவது பழகிவிடும். விசில் மாதிரி கீச்சென்று வருவதும், ஏறி இறங்கி ஏறி இறங்கி வருவதும் பக்கத்தில் படுப்பவரைத் தூங்க விடாது. கடையில் காதை வைத்துக் கேளுங்கள்.

சூடான காற்று எந்தப் பக்கம் வெளியேறுகிறது என்றும் பாருங்கள். பின்பக்கமாகவோ திரைக்கு அடியிலோ போனால் நல்லது. வலப்பக்கமாக ஊதினால் மவுஸ் பிடிக்கும் கையில் நேரே படும். மே மாத மும்பையில் ஒரு மணி நேரம் அப்படி விளையாடினால் விரல் வியர்த்து மவுஸ் வழுக்கும்.

இந்தச் சத்தத்துக்கு நான் கண்ட மருந்து ஒன்று, செலவில்லாதது. என்விடியா கன்ட்ரோல் பேனலில் மேக்ஸ் ஃபிரேம் ரேட் என்று ஒன்று இருக்கிறது. அதை 60 என்று வைத்தேன். லேப்டாப் நூறு ஃபிரேம் வரைந்து தள்ளத் திணறிக்கொண்டிருந்தது போய், அறுபதோடு நின்று மூச்சு வாங்கியது. ஃபேன் வேகம் பாதியாகக் குறைந்ததைக் காதாலேயே உணர முடிந்தது. அதோடு பின்பக்கம் இரண்டு செ.மீ. உயர ஏதாவது முட்டுக் கொடுங்கள். நான் இரண்டு பழைய ரப்பர் மூடிகளை வைக்கிறேன். பலமான கிராபிக்ஸை வாங்கி அறுபதில் கட்டி வைப்பது வீணில்லையா என்று தம்பி கேட்டான். பலமில்லாதது அறுபதை எட்டவே முழு வேகத்தில் கத்தும், பலமுள்ளது அதே அறுபதை அமைதியாகத் தரும்.

திரை

14 அங்குலத்தில் இப்போது 2880-க்கு 1800 புள்ளிகள் கொண்ட ஓஎல்இடி திரைகள் வருகின்றன. நிறம் அள்ளும், கறுப்பு கறுப்பாகவே இருக்கும். என் வரைவேலைக்கு அது வரம். ஆனால் கேமுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1920-க்கு 1200 என்றால் சுமார் 23 லட்சம் புள்ளி. 2880-க்கு 1800 என்றால் சுமார் 52 லட்சம். இரண்டேகால் மடங்கு வேலை. 90 வாட் கிராபிக்ஸால் அதை எல்லாக் கேமிலும் இழுக்க முடியாது. குறைந்த புள்ளியில் வரைந்து பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ் வசதியைப் போட்டோ, கேமுக்குள் புள்ளி அளவைக் குறைத்தோ விளையாட வேண்டும். இந்தச் சின்னத் திரையில் அப்படிக் குறைத்தாலும் கண்ணுக்குப் பெரிதாக உறுத்தாது என்பது என் அனுபவம்.

விலை குறைந்தவற்றில் பார்க்க வேண்டியது நிறம். "45 சதவீதம் என்டிஎஸ்சி" என்று போட்டிருந்தால் வெளுத்த சேலை மாதிரி இருக்கும், வேண்டாம். "100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி" என்று தேடுங்கள். வெளிச்சம் 300 நிட்ஸுக்குக் குறையக் கூடாது.

ரேம், எஸ்எஸ்டி

சின்ன லேப்டாப்புகள் பலவற்றில் ரேமைப் போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். அப்புறம் ஏற்ற முடியாது. 2024-இன் ஜி14, ஏசஸ் டஃப் ஏ14, ஹெச்பி ஓமன் டிரான்சென்ட் 14 மூன்றும் அப்படித்தான். அப்படியானால் வாங்கும்போதே முடிவெடுக்க வேண்டும். விளையாட மட்டும் என்றால் 16 ஜிபி, என்னைப் போல வரைவேலையும் சேர்ந்தால் 32. ஸ்லாட் இருக்கும் லேப்டாப்பில் ஒரே ஒரு 8 ஜிபி குச்சியைப் போட்டு விற்றால் உடனே இன்னொரு 8 சேருங்கள், இரண்டு குச்சியாக ஓடும்போது ஃபிரேம் தெளிவாகக் கூடும். கேம்களைச் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டி ஒரு டிபி இருக்கட்டும். கேம் ஒன்றே 70, 100 ஜிபி பிடிக்கிறது. எஸ்எஸ்டியைப் பின்னால் மாற்றிக்கொள்ளவும் முடியும், எனவே பணம் முட்டினால் ரேமில் குறைக்காமல் இதில் குறையுங்கள்.

சார்ஜர்

டைப்-சி வழியாகவும் சார்ஜ் ஆகுமா என்று கேளுங்கள். தினமும் தூக்குகிறவருக்கு இது பெரிய நிம்மதி. நான் பெரிய சார்ஜரை வீட்டுச் சுவரோரம் நிரந்தரமாக விட்டுவிட்டு, அலுவலகத்துக்கு 100 வாட் டைப்-சி சார்ஜர் ஒன்றை மட்டும் எடுத்துப் போகிறேன். உள்ளங்கை அளவு. வரைவேலைக்கு அது போதும். அதில் மாட்டி விளையாடினால் மட்டும் போதாது. லேப்டாப் உறிஞ்சுவது நூற்றைத் தாண்டும்போது மிச்சம் பேட்டரியிலிருந்து போய், மாட்டியிருக்கும்போதே சார்ஜ் இறங்கும். ஓமன் டிரான்சென்ட் 14-இன் சொந்த சார்ஜரே 140 வாட் டைப்-சிதான் என்பது எனக்கு அதில் பிடித்த விஷயம்.

பேட்டரியில் மட்டும் கேம் விளையாட நினைக்க வேண்டாம். 73 வாட்-மணி பேட்டரி, லேப்டாப் மொத்தமாக 65 வாட் எடுத்தால் ஒரு மணி நேரம் சொச்சம். வேகமும் பாதிக்குப் பாதி இறங்கிவிடும், ஏனென்றால் சுவர் பிளக் தரும் அளவுக்குப் பேட்டரியால் ஒரே நேரத்தில் தர முடியாது. ஊருக்குப் போகும் நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஒன்றரை நாள் விளையாடிக்கொண்டே போகலாம் என்று தம்பி கனவு கண்டான். ரயில் பெட்டியில் இருக்கும் பிளக் செல்போன் மாதிரி குறைந்த மின்சாரம் எடுப்பவற்றுக்கானது, அதில் இந்தப் பெரிய சார்ஜரைச் செருகக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

லேமிங்டன் ரோட்டில் இருபது நிமிடம்

ஆன்லைனில் விலை பார்த்து வைத்துக்கொண்டு, லேப்டாப்பைக் கையால் தொட, கணினிக் கடைகள் நிறைந்த லேமிங்டன் ரோட்டுக்குப் போங்கள். எங்களுக்கு சயானில் ஏறி, தாதரில் மாறி, கிராண்ட் ரோட்டில் இறங்கினால் நடக்கும் தூரம். ஞாயிறு பெரும்பாலான கடைகள் அடைப்பு. சனிக்கிழமை காலை கடை திறந்ததும் போனால் கூட்டம் குறைவு, பொறுமையாகக் காட்டுவார்கள்.

நான் பையில் ஒரு தூக்குத் தராசு கொண்டுபோவேன், பெட்டியைக் கொக்கியில் மாட்டித் தூக்கினால் எடை காட்டும் சின்னது. லேப்டாப்பையும் சார்ஜரையும் ஒரு துணிப்பையில் போட்டு நிறுத்துவிடுவேன். அப்புறம் மூடியை ஒரு கையால் திறப்பேன், அடிப்பாகம் கூடவே தூக்கிக்கொண்டு வந்தால் கீல் இறுக்கம். விசைப்பலகையின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் விழுகிறதா என்று பார்ப்பேன்.

அடுத்து, "பாய், தஸ் மினிட் சலா கே தேக்தீ ஹூம்" (அண்ணே, பத்து நிமிடம் ஓட்டிப் பார்க்கிறேன்) என்று இந்தியில் சொல்லி சார்ஜரை மாட்டி, பர்ஃபார்மன்ஸ் மோடில் ஏதாவது கனமானதை ஓடவிடச் சொல்வேன். கடையில் ஒரு டெமோ கேமாவது இருக்கும். இரண்டு நிமிடத்தில் எல்லா லேப்டாப்பும் நன்றாகத்தான் ஓடும். எட்டாவது நிமிடத்துக்கு மேல்தான் நிஜம் தெரியும். சூடேறியதும் பிராசஸரும் கிராபிக்ஸும் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஃபிரேம் எண்ணைத் திரை மூலையில் போட்டுவிட்டு, தொடக்கத்தில் எவ்வளவு, பத்தாவது நிமிடத்தில் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் இயல்பு. மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் அந்த உடம்பு அந்தச் சிப்பைத் தாங்கவில்லை.

அந்த நேரத்தில் இடது கை விரல்களை டபிள்யூ, ஏ, எஸ், டி விசைகள் மேல் சும்மா வைத்திருங்கள். விளையாடும்போது மணிக்கணக்கில் விரல் இருக்கப் போவது அங்கேதான். வெதுவெதுப்பு சரி. இட்லிப் பானை மூடியைத் தொட்ட மாதிரி விரலை எடுக்கத் தோன்றினால், அந்த லேப்டாப் எவ்வளவு வேகமாக இருந்தாலும் நான் வாங்க மாட்டேன். செம்பூரில் இருக்கும் சொந்தக்காரப் பையனுக்குப் பார்த்தபோது இந்த ஒரு காரணத்துக்காகவே இரண்டு லேப்டாப்பைத் தள்ளிவிட்டோம்.

எம்யூஎக்ஸ் ஸ்விட்ச் உண்டா என்றும் கேளுங்கள். கிராபிக்ஸ் வரைந்த படம் சுற்றி வராமல் நேரே திரைக்குப் போக அது வழி விடும், ஃபிரேம் கூடும். அலுவலக நேரத்தில் அதை மாற்றி வைத்தால் பேட்டரி கூடுதல் நேரம் வரும்.

பில் போடும்போது

ஒருமுறை ஒரு கடையில் புதிது என்று சொல்லி, ஐந்து மாதம் காட்சிக்கு வைத்திருந்ததைக் கொடுத்துவிட்டார்கள். வாரண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தபோது ஏற்கனவே ஐந்து மாதம் ஓடியிருந்தது. இரண்டு வாரம் அலைந்து மாற்றினோம். அதிலிருந்து பணம் கொடுக்குமுன் பெட்டியில் உள்ள சீரியல் எண்ணையும், லேப்டாப்பின் அடியில் உள்ளதையும், பில்லில் எழுதுவதையும் ஒப்பிடுகிறேன். கம்பெனி வலைப்பக்கத்தில் அந்த எண்ணைப் போட்டு வாரண்டி எப்போது தொடங்குகிறது என்று கடையில் நின்றபடியே போனில் பார்த்துவிடுகிறேன். ஜிஎஸ்டி பில் கட்டாயம் வேண்டும். வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்தது என்று விலை குறைத்துத் தந்தால், இங்கே அந்தக் கம்பெனி அதற்கு வாரண்டி தருமா என்று முதலில் கேட்டுவிடுங்கள். சின்ன லேப்டாப்பில் எல்லாம் ஒரே போர்டில் பற்றவைத்திருப்பதால், ஒன்று போனால் போர்டையே மாற்ற வேண்டியிருக்கும். அதனால் கூடுதல் வாரண்டிக்குக் கொடுக்கும் பணத்தை நான் செலவாக நினைப்பதில்லை.

வீட்டுக்கு வந்ததும் வெள்ளைப் படம் ஒன்றைத் திரை முழுக்க வைத்துச் செத்த புள்ளி இருக்கிறதா என்று தேடுங்கள். பேட்டரியை 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி கம்பெனியின் செயலியிலேயே இருக்கும், பிளக்கிலேயே கிடக்கும் லேப்டாப்புக்கு அதைப் போட்டு விடுங்கள். பாய், மெத்தை, தலையணை மேல் வைத்து விளையாட வேண்டாம், அடியில் உள்ள துளை அடைத்துக்கொள்ளும், பஞ்சும் உள்ளே போகும். நான் ஒரு பழைய சப்பாத்திப் பலகையை அடியில் வைக்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்ததும், அடிமூடியைத் திறந்து ஃபேனில் அப்பிய தூசியைத் துடைக்கச் சொல்லுங்கள்.

ஜூனில் மழை பிடித்தபின் பைக்கு மேலே போடும் மழையுறையை மட்டும் நம்பாதீர்கள். முதுகுப் பக்கம் அது மூடாது, நனைந்த சட்டை வழியாகவே ஈரம் உள்ளே போகும். லேப்டாப்பை முதலில் தடித்த பிளாஸ்டிக் உறை ஒன்றில் போட்டு, வாயை இரண்டு மடிப்பு மடித்து, அப்புறம் பையில் வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் உறையிலிருந்து எடுத்து, துடைத்து, அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு அதற்கப்புறம் சார்ஜரை மாட்டுங்கள்.